கிரானைட் யார்டில் எண்ணெய்க் கிணற்று இரும்பை இறக்கலாமா?

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பா காலத்து கிரானைட் பிளாக் யார்டு, ஒன்றரை ஏக்கர், ஹைவேயிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே. 30 டன் கேன்ட்ரி கிரேன் ஒன்று நிற்கிறது. கல் வியாபாரம் படுத்து மூன்று வருடமாக இடம் சும்மா கிடக்கிறதாம். காரைக்காலில் கிணறு தோண்டும் வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர், அடுத்த வேலை கிடைக்கும் வரை, எட்டு மாதத்துக்குத் தன் சாமான்களை அங்கே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறார். 5 அங்குல டிரில் பைப் (துளையிடும் குழாய்) 180, 8 அங்குல டிரில் காலர் (துளைமுனைக்கு எடை கொடுக்கும் தடித்த குழாய்) 12, பெயர்த்தட்டில் 8.5 டன் என்று போட்ட பிஓபி (கிணற்று வாயை அடைக்கும் வால்வு) ஒன்று, கிணற்றுக்குள் சேற்றுக் கலவையைத் தள்ளும் 1600 குதிரைத்திறன் மட் பம்ப் ஒன்று (அகலம் 3.1 மீட்டர்), பிஓபியை இயக்க எண்ணெய் அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு அக்குமுலேட்டர் யூனிட். "இருபது டன் கல்லையே அசால்ட்டாக அடுக்கியவர்கள் நாங்கள் சார், இரும்பு என்ன பெரிய விஷயம்? இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன். லாரியில் எப்படி ஏற்றி வருவது, எப்படி அடுக்குவது, வாடகை என்ன கேட்கலாம்?"

தம்பி, "இரும்பு என்ன பெரிய விஷயம்" என்ற அந்த வரிதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கல் பிளாக்குக்கு ஓரம் உடைந்தால் என்ன செய்வீர்கள்? அந்தப் பக்கத்தை அறுத்துத் தள்ளிவிட்டு மீதியை விற்பீர்கள். அது இன்னும் செய்து முடிக்காத சரக்கு. உங்களுக்கு வரப்போவது கடைசி இழைப்பு வரை முடித்த சரக்கு, எடை மட்டும் கல்லின் எடை. அதில் காசு பெறும் இடமெல்லாம் உங்கள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்: திருகு மரை, ஃபிளாஞ்சில் (போல்ட் போட்டு இணைக்கும் வட்ட விளிம்பில்) இருக்கிற பள்ளம், ரப்பர், பேரிங். மற்றதெல்லாம் அதைத் தாங்க வந்த வெறும் உடம்பு.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பிஓபி என்பது கிணற்று வாயில் உட்கார்ந்து, கீழேயிருந்து கேஸ் திமிறி வந்தால் அடைத்து நிறுத்துகிற பெரிய வால்வு. நான் வேலை பார்த்த ஒரு யார்டில், பெயர் வேண்டாம், 10,000 பிஎஸ்ஐ பிஓபி ஒன்றை இறக்கினார்கள். கார் டயரில் நாம் 30 சொச்சம் அடிக்கிறோம், அதை வைத்து இந்த அழுத்தத்தை யோசித்துக்கொள்ளுங்கள். மரக்கட்டை மேல் சரியாக உட்காரவில்லை என்று புதுப்பையன் ஒருவன் கடப்பாரையை ஃபிளாஞ்ச் ஓரத்தில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினான். அரை அங்குலம் நகர்ந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். ஏழு மாதம் கழித்து டெஸ்டில் ஏற்றினால் அழுத்தம் நிற்கவே இல்லை. கழற்றிப் பார்த்தால், ஃபிளாஞ்சைச் சுற்றி ரிங் காஸ்கெட் என்ற இரும்பு வளையம் உட்காரும் விரல் அகலப் பள்ளத்தின் சரிவில் நகக் கீறல் மாதிரி ஒரு கோடு. கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, விரல் நகத்தை வைத்து ஓட்டினால் 'டிக்' என்று மாட்டியது. அவ்வளவுதான். அந்த இடத்தில் இரும்பும் இரும்பும் நசுங்கித்தான் அடைப்பு, பசை கிசை எதுவும் வேலைக்கு ஆகாது. பள்ளத்தை வெல்டிங்கில் நிரப்பி மறுபடி கடைய வேண்டியதாயிற்று. பில் யார்டின் தலையில். அதனால் பிஓபி வந்ததும் முதல் வேலை, ஃபிளாஞ்ச் மூடியைத் திறந்து பள்ளத்தைத் துடைத்து நகத்தால் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, போட்டோ எடுத்து, கிரீஸ் தடவி, மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த மூடியைப் போல்ட் போட்டு மூடுங்கள். ஏற்கெனவே கீறல் இருந்தால் அவர்கள் ஆளை வைத்துக்கொண்டே கையெழுத்து வாங்குங்கள்.

சரி, அடுக்குவதற்கு வருவோம். உங்கள் யார்டில் உடைந்த கிரானைட் துண்டு மலை மாதிரி கிடக்கும், அதையே பைப்புக்கு அடியில் கொடுத்துவிடலாம் என்று கை பரபரக்கும். கொடுக்காதீர்கள். கல் வழுக்கும், வளையாது, ஒரு முனையில் எடை விழுந்தால் சொல்லாமல் பிளக்கும், பைப்பின் உடம்பில் வடுவும் போடும். தரையில் ஜல்லி பரப்பி அழுத்துவதற்குக் கல் தாராளமாகப் போகட்டும், இரும்பைத் தொடும் இடத்தில் மரம்தான். பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டை கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். 

டிரில் பைப் ஒன்று ஒன்பதரை மீட்டர் நீளம், ஏறக்குறைய 300 கிலோ. 180 பைப் என்றால் 54 டன். குறுக்கே மூன்று வரிசை தாங்கல் போட்டால் வரிசைக்கு 18 டன், ஆறு மீட்டர் அகலத்தில் பரப்பினால் மீட்டருக்கு மூன்று டன். நம் பக்கத்துச் செம்மண் கோடையில் பாறை மாதிரி இருக்கும், ஐப்பசியில் நாலு நாள் மழை பிடித்தால் அதே மண் களி. ஒரு தாங்கல் மட்டும் இறங்கினாலும் பைப் வளையலாம், வளைந்த பைப்பைக் கிணற்றுக்குள் சுழற்ற முடியாது. அதனால் மூன்று தாங்கலையும் மட்டப் பலகை வைத்துப் பாருங்கள், ஒரு மழைக்கு அப்புறம் மறுபடி பாருங்கள்.

கீழடுக்கு தரையிலிருந்து ஒன்றரை அடியாவது மேலே இருக்க வேண்டும், காற்று ஓடும், பெருக்கலாம், புல்லும் ஏறாது. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் மூன்று ரீப்பர், மேல் ரீப்பர் கீழ் ரீப்பருக்கு நேர் மேலே. இதில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள்: ரீப்பர் ஒரு அடி தள்ளிப் போனால் எடை பைப்பின் நடுவில் விழுகிறது. ரீப்பரின் இரண்டு முனையிலும் மரத்துண்டை ஆணி அடித்து நிறுத்துங்கள், இல்லையென்றால் ஓரப் பைப் உருண்டு வரும். ஆள் கால் போன கதைகள் எல்லாம் அப்படி உருண்ட ஒற்றைப் பைப்பில்தான். உங்கள் கணக்குக்கு அடுக்குக்கு 36 வைத்தால் ஐந்தே அடுக்கு, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும். இந்தத் தொழிலில் பைப் அடுக்குக்குச் சொல்லும் வரம்பு 10 அடி, உங்களுக்கு இடம் இருக்கும்போது அந்த உயரத்துக்குப் போக வேண்டிய தேவையே இல்லை.

மரை மூடிகள். இரண்டு முனையிலும் மூடி இல்லாத பைப்பை லாரியிலிருந்து இறக்கவே விடாதீர்கள். மூடியைக் கழற்றி, பழைய கிரீஸைச் சால்வென்ட் துணியால் துடைத்து, காயவிட்டு, சேமிப்புக்கென்றே விற்கும் காம்பவுண்டைப் பூசி மூட வேண்டும். கிணற்றில் இறக்கும்போது பூசுகிற காம்பவுண்ட் வேறு, அது மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான், மாதக்கணக்கில் துருவைத் தடுக்காது. உங்கள் ஊரில் இதில் கூடுதல் சங்கடம் கிரஷர் தூசி. பொடிக் கல் மரைக்குள் போய்விட்டால் அப்புறம் முறுக்கும்போது அது உப்புத்தாள் வேலை செய்யும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, கிரஷருக்கு எதிர்ப்புறம் அடுக்குங்கள். மூன்று தாங்கலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படியே, அடுக்கில் பைப் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கட்டும், உள்ளே வேர்க்கும் தண்ணீர் வடிந்து போக. மூடி இல்லாமல் திறந்து கிடக்கும் பைப்பில் என்ன குடியேறும் என்று கல் குவாரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை சாரைப் பாம்பு ஒன்பது மீட்டர் பைப்புக்குள் போய்விட்டு வெளியே வரமாட்டேன் என்று அடம் பிடித்து ஒரு லோடு முழுக்க மதியம் வரை நின்றது.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் இடத்துக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது, ஒப்பந்தக்காரர் அதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார். காரைக்காலில் உப்புக் காற்று. கடலோரத்தில் ஒரு மாதத்தில் பிடிக்கிற துரு பர்கூர் வறண்ட காற்றில் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. ஆனால் உப்பைக் கூடவே கொண்டுவந்தால் அந்தப் பலனும் இல்லை. இறக்கியதும் நல்ல தண்ணீரால் எல்லாவற்றையும் கழுவுங்கள், பிஓபியின் உள்ளேயும் விட்டு வடித்து, துருத் தடுப்பு எண்ணெய் அடித்து மூடச் சொல்லுங்கள். போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றால் டேங்கர் தண்ணீர் வாங்குங்கள், ஆயிரம் ரூபாய்க்குக் கஞ்சம் பார்க்காதீர்கள்.

பிஓபியின் ரப்பர்களைத் தனியாக அனுப்பினால் தகர ஷெட்டில் வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் அது அடுப்பு. இருட்டான, குளிர்ந்த, ஓட்டுக் கட்டட அறை போதும். வெல்டிங் மிஷினும் மோட்டாரும் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், தீப்பொறியில் உண்டாகும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழ வைக்கும். ஆணியில் தொங்கவிடுவதும் கூடாது, தொங்கிய இடத்தில் வடிவம் போய்விடும்.

மட் பம்ப் 25 டன் அளவில் வரும். சேற்றுக் கலவை ஓடும் பக்கத்தை முழுக்க வடித்திருக்கிறார்களா, வால்வுகளில் பழைய சேறு காய்ந்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். அப்புறம் மாதம் ஒருமுறை அதன் தண்டைக் கையால் ஒன்றேகால் சுற்று சுற்றி வேறு நிலையில் நிறுத்த வேண்டும். சும்மா நிற்கும் பேரிங்கில் உருளை ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், யார்டுக்குள் வந்து போகும் லாரி அதிர்வுக்கே அந்த இடத்தில் தடம் விழும். இந்த வேலையை யார் செய்வது என்று இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள், பின்னால் "நீங்கள் சுற்றவில்லை" என்ற பேச்சு வரும்.

அக்குமுலேட்டரில் நைட்ரஜன் இருக்கிறது. 3,000 பிஎஸ்ஐ யூனிட்டில் பாட்டிலுக்குள் 1,000 பிஎஸ்ஐ நைட்ரஜன் முன்னாலேயே ஏற்றியிருக்கும். எண்ணெய் அழுத்தத்தை முழுக்க இறக்கிவிட்டு, நைட்ரஜனையும் விட்டுவிட்டு, கேஜில் பூஜ்யம் காட்டுகிற போட்டோவோடு அனுப்பச் சொல்லுங்கள். கேட்டுக்குள் நுழைவதற்கு முன் இதைப் பாருங்கள். யாராவது "ஆக்சிஜன் சிலிண்டரில் கொஞ்சம் ஏற்றி டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்" என்று கிளம்பினால் ஆளை வெளியே அனுப்பிவிடுங்கள். எண்ணெயும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிதான்.

"கூடவே இதையும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று பின்னால் வருகிற சாமான்கள்தான் மாட்டிவிடும். கிணற்றைத் துளையிட்டுத் திறக்கும் கன்களும் சார்ஜும் வெடிபொருள், பெசோ (வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு) உரிமம் இல்லாமல் தொடவே கூடாது. லாகிங் (கிணற்றுக்குள் பாறையை அளந்து பார்க்கும்) கருவிகளின் கதிரியக்க மூலங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கணக்கில் வரும். உற்பத்திக் கிணற்றிலிருந்து உருவிய பழைய டியூபிங் (எண்ணெய் மேலே ஏறி வரும் உள்குழாய்) இன்னொன்று: உள்ளே பாறை மாதிரிப் படிந்திருக்கும் படலத்தில் ரேடியம் இருக்கலாம், அளந்து பார்த்த சான்று இல்லாமல் இறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். கச்சா எண்ணெய் இருந்த டேங்கையும் மூடிய பாத்திரத்தையும் உங்கள் வெல்டர் தொடக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: பட்டியலில் இருப்பது மட்டும்தான் வரும்.

லாரி. டிரில் காலர் ஒன்று ரெண்டு டன்னுக்கு மேல், பன்னிரண்டும் 25 டன். இரும்பு மேடையில் இரும்பு உருளையை வைத்து மேலே கயிறு போட்டுக் கட்டுவதை இன்றும் பார்க்கிறேன். கணக்கு இதுதான்: வேகமாகப் பிரேக் அடித்தால் சரக்கு தன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னால் பாயும் என்று வைத்துத்தான் கட்டுவதைக் கணக்கிடுவார்கள், பக்கவாட்டுக்கு எடையில் பாதி. 10 டன் சரக்கு என்றால் முன்னால் 8 டன். இரும்பு மேல் இரும்பு உராய்வு 0.2 இருந்தால் அதிகம், ஆக 2 டன்னை உராய்வு பிடிக்கும், மீதி 6 டன்னை உங்கள் செயின் பிடிக்க வேண்டும். நடுவில் நல்ல ரப்பர் பாய் விரித்தால் உராய்வு 0.6 ஆகும், செயினுக்கு மிஞ்சுவது 2 டன்தான். கிழிந்த கன்வேயர் பெல்ட் கிருஷ்ணகிரி கிரஷர்களில் சும்மாவே கிடக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவி நீளமாக வெட்டிப் போடுங்கள். இதைவிட மலிவான பாதுகாப்பு இந்தத் தொழிலில் இல்லை. அதற்கு மேல் காலரின் முன் முனைக்குத் தடுப்புக் கட்டை, பக்கத்துக்கு முளை, கிரேடு 80 செயின், அதை இறுக்கும் லோட் பைண்டர். காரைக்காலை விட்டு இருபது முப்பது கிலோமீட்டரில் முதல் டீக்கடையில் நிறுத்தி எல்லாச் செயினையும் மறுபடி இறுக்க வேண்டும், முதல் குலுக்கலில் சரக்கு உட்கார்ந்துவிடும், செயின் தளர்ந்துவிடும்.

பைப், காலர் இரண்டும் நீளத்தில் 40 அடி ட்ரெய்லருக்குள் அடங்கும், பின்னால் நீட்டிக்கொண்டு வருகிற லாரியில் ஏற்றாதீர்கள். பம்ப் 3.1 மீட்டர் என்கிறீர்கள், வண்டியின் அகல வரம்பு 2.6 மீட்டர். ஆக லோபெட் (தாழ்ந்த மேடை ட்ரெய்லர்), ஓ.டி.சி. (அளவு மீறிய சரக்கு) அனுமதி இரண்டும் வேண்டும். அனுமதி இல்லாமல் நீட்டிக்கொண்டு போனாலும், எடை மீறினாலும் அபராதம் 20,000 ரூபாயில் ஆரம்பிக்கிறது, எடை மீறலுக்கு டன்னுக்கு 2,000 கூடுதல், கூடுதல் எடையை இறக்கிய பிறகுதான் வண்டி நகரும். இ-வே பில்லில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும், ஓ.டி.சி. சரக்குக்கு 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். சேலம் வழியாக 400 கிலோமீட்டர் என்று வைத்தால் 20 நாள். வண்டி வகையில் ஓ.டி.சி. என்று போடாமல் விட்டால் இரண்டே நாளில் பில் காலாவதி. காரைக்கால் புதுச்சேரி, நீங்கள் தமிழ்நாடு, ஆக இது மாநிலம் விட்டு மாநிலம். உங்கள் யார்டை ஜிஎஸ்டி பதிவில் அவர்களுடைய கூடுதல் வணிக இடமாகக் காட்ட வேண்டுமா என்பதை இரு பக்க ஆடிட்டரும் பேசிக்கொள்ளட்டும்.

வரும்போது தொப்பூர் ஏற்றம், வண்டி முக்கி முனகி ஏறிவிடும். எட்டு மாதம் கழித்துத் திரும்பிப் போகும்போதுதான் எனக்குப் பயம். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சரிவில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற பழக்கம் எத்தனை உயிரை வாங்கியிருக்கிறது என்று இந்த மாவட்டத்துக்காரர் எல்லோருக்கும் தெரியும். மேலேயே கீழ் கியர் போட்டுப் பகலில் இறங்கட்டும், டிரைவரிடம் நீங்களே பேசுங்கள், டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் சொன்னால் அது டிரைவர் காதுக்குப் போகாது. மாங்காய் சீசனில் போக வேண்டியிருந்தால் கூழ் பேக்டரி லாரிகளால் ட்ரெய்லர் கிடைப்பதும் கஷ்டம், கிடைக்கிற வண்டியும் அவசரத்தில் இருக்கும்.

உங்கள் கேன்ட்ரி மூன்று வருடம் ஓடவில்லை. தூக்கும் இயந்திரத்தை வருடம் ஒருமுறை தகுதி பெற்றவர் சோதித்துச் சான்று தர வேண்டும், அதை வாங்காமல் 25 டன் பம்பை அதில் மாட்டாதீர்கள். பிரேக் லைனிங், ரோப், ஹுக் லாட்ச் மூன்றையும் நீங்களே முதலில் பாருங்கள். கேன்ட்ரி எட்டாத இடத்தில் இரண்டு ஹைட்ராவை (சக்கரத்தில் ஓடும் கிரேனை) எதிரெதிரே நிறுத்தித் தூக்கிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். இரண்டில் ஒன்று அரை அடி முந்தினால் மொத்த எடையும் மற்றதன் மேல் சாயும். கல்லுக்குப் போடுகிற கம்பி ரோப்பையும் பைப்புக்குப் போடாதீர்கள், அகல பெல்ட்தான். பைப்பின் வாயில் ஹுக்கை மாட்டித் தூக்குவது ஒரேயடியாகக் கூடாது, மரை போய்விடும். பெல்ட்டை அகலக் கோணத்தில் போட்டால் எடை கூடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 10 டன்னை இரண்டு காலில், தரைக்கு 60 டிகிரி சாய்வில் தூக்கினால் காலுக்கு 5.8 டன், 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் காலுக்கு முழு 10 டன்.

மின்கம்பியைப் பற்றி நீங்கள் எழுதவேயில்லை. யார்டு வழியில் 11 கேவி லைன் போகிறதா? வெளிக் கிரேன் வந்தால் பூம் அந்தக் கம்பிக்கு 3 மீட்டருக்குள் போகவே கூடாது, நான் 6 மீட்டர் விடுவேன், பார்ப்பதற்கென்றே ஒரு ஆளை விசிலோடு நிறுத்துவேன்.

பொறுப்பு யாருக்கு என்று பார்த்தால், 1872 ஒப்பந்தச் சட்டப்படி பிறர் பொருளை வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஆள் தன் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தாக வேண்டும். "நான் சும்மா இடம்தான் கொடுத்தேன்" என்பதால் மட்டும் தப்ப முடியாது. இடத்தை மட்டும் வாடகைக்கு விடுகிறீர்களா, பொருளையே காத்துத் தருகிறீர்களா என்பதை ஒப்பந்தத்தில் பிரித்து எழுதுங்கள். வழியில் வருவதற்கு எடுக்கும் இன்சூரன்ஸ் உங்கள் கேட்டில் முடிந்துவிடும், உள்ளே இருக்கும் எட்டு மாதத்துக்குத் தீ, திருட்டு பாலிசி அவர்கள் பெயரில் தனியாக இருக்க வேண்டும். வாடகை பாக்கி வைத்தால் பொருளைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால், அதையும் ஒரு ஷரத்தாக எழுதினால்தான் நிம்மதி.

வாடகையை ஒரே தொகையாகப் பேசாதீர்கள். இடத்துக்குச் சதுர அடிக் கணக்கில் மாதம் ஒன்று, ஏற்றி இறக்குவதற்கு டன் கணக்கில் தனி, கழுவி கிரீஸ் வைத்துத் தண்டு சுற்றிப் பதிவேட்டில் எழுதுகிற வேலைக்கு மாதாமாதம் தனி. மூன்றாவதைத்தான் பேரத்தில் முதலில் வெட்டப் பார்ப்பார்கள். வெட்டினால் அந்த வேலைக்கு மாதம் ஒருமுறை அவர்கள் ஆளையே அனுப்பட்டும், வந்து போன தேதியைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எட்டு மாதம் என்கிறார்கள் அல்லவா, டெல்டாவில் புது எண்ணெய், கேஸ் கிணறுகளுக்குத் தமிழ்நாட்டின் 2020 பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடை போட்ட பிறகு அடுத்த வேலை எப்போது கிடைக்கும் என்று அவர்களுக்கே உறுதியாகத் தெரியாது. ஒன்பதாவது மாதத்திலிருந்து வாடகை எவ்வளவு என்பதையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.